மூலையில் தேங்குற பேஸ்: முதல்ல ட்ராப், அப்புறம் சாஃப்ட்வேர்

கோயம்புத்தூர்ல இருந்து ஒரு நேயர் வாய்ஸ் நோட் அனுப்பியிருந்தார். பகல்ல ஆபீஸ் வேலை, ராத்திரி வீட்டு ரூம்ல குறும்படங்களுக்கு சவுண்ட் மிக்ஸ். கடைசியா பண்ணிக் கொடுத்த படம் ரெண்டு தடவை திரும்பி வந்திருக்கு. ரெண்டு தடவையும் ஒரே புகார்: "பேஸ் இல்ல, தகர டப்பா மாதிரி இருக்கு." ஆனா அவர் ரூம்ல போட்டுக் கேட்டா பேஸ் தாராளமா இருக்கு. மூணாவது தடவையும் திரும்பி வந்தா அந்த டைரக்டர் வேற ஆளைப் பார்த்துக்குவார். கையில கொஞ்சம் காசு சேர்த்து வச்சிருக்கார். "ப்ரோ, ரூம் கரெக்‌ஷன் சாஃப்ட்வேர் வாங்கவா, இல்ல பேஸ் ட்ராப் செய்யவா? ரெண்டுல ஒண்ணுக்குத்தான் காசு இருக்கு." இதுதான் கேள்வி.

நான் கோட் எழுதி சம்பளம் வாங்குற ஆளு. எந்தப் பிரச்சினையையும் சாஃப்ட்வேர்ல தீர்த்துடலாம்னு சொல்றதுதான் எனக்கு வசதி. ஆனா இந்த விஷயத்துல பதில் வேற: முதல் காசு மூலைக்குப் போகணும், மிச்சக் காசு சாஃப்ட்வேருக்குப் போகலாம். ஏன்னு இன்னைக்கு விளக்கிடலாம்.

ரூம் என்ன பண்ணுது?

சத்தம் ஒரு நொடிக்கு ஏறக்குறைய 1,130 அடி போகும். 113 ஹெர்ட்ஸ் சத்தத்தோட அலைநீளம் 10 அடி, 56 ஹெர்ட்ஸோட அலைநீளம் 20 அடி. நம்ம பெட்ரூம் 10 அடி, 12 அடி. ஆக பேஸ் அலைக்கும் ரூமுக்கும் சைஸ் ஒத்துப்போகுது. பிரச்சினையே அங்கதான்.

எதிரெதிரா இருக்கிற ரெண்டு சுவருக்கு நடுவுல, அந்த இடைவெளி அரை அலைநீளமா இருக்கிற சத்தம் மாட்டிக்கும். போன அலையும் திரும்பி வந்த அலையும் ஒண்ணு மேல ஒண்ணு விழுந்து, ஒரே இடத்துல நின்னு ஆடும். இதுக்குப் பேர் ரூம் மோட். ஊஞ்சலை அது ஆடுற தாளத்துக்கே தள்ளினா, சின்னத் தள்ளலுக்கும் பெருசா ஆடும் இல்லையா, அதே கதைதான்.

கணக்கு சுலபம். 565-ஐ உங்க ரூமோட நீளத்தால (அடியில) வகுங்க. 12 அடின்னா 47 ஹெர்ட்ஸ், 10 அடின்னா 56.5. அதோட ரெண்டு மடங்கு, மூணு மடங்குலயும் இதே கூத்து நடக்கும்: 10 அடிக்கு 113, 169.5. நீளம், அகலம், உயரம் மூணுக்கும் இந்தக் கணக்கைத் தனித்தனியா போடணும்.

நம்ம நேயரோட ரூம் 10 அடிக்கு 10 அடி, உயரமும் 10 அடி. மூணு திசையும் ஒரே எண்ல வந்து நிக்குது. 56-ல மூணு மோட், 113-ல மூணு மோட். ஆடியோவுக்கு இதைவிட மோசமான வடிவம் கிடைக்காது. சதுர ரூம் வாஸ்துவுக்கு நல்லதா இருக்கலாம், பேஸுக்கு ஆகாது.

அடுத்த முக்கியமான விஷயம், இந்த அலை ரூம் முழுக்க ஒரே மாதிரி இருக்காது. சுவரை ஒட்டி அழுத்தம் உச்சத்துல இருக்கும், அதனால பேஸ் பூதாகரமா கேக்கும். முதல் மோடுக்கு ரூமோட நட்ட நடுவுல அழுத்தம் கிட்டத்தட்ட பூஜ்யம். அங்க உக்காந்தா அந்த பேஸ் காணாமலே போயிடும்.

நேயர்கிட்ட கேட்டேன், நாற்காலி எங்க இருக்குன்னு. பின்சுவரை ஒட்டி, கட்டிலுக்குப் பக்கத்துல. விடை கிடைச்சிடுச்சு. அவர் காதுக்கு 56-ம் 113-ம் அளவுக்கு மீறிக் கேக்குது. "ரொம்ப பூம்னு இருக்கே"ன்னு அவர் குறைக்கிறார். அவர் குறைச்சது ரூம் சேர்த்த பேஸை இல்ல, படத்துல இருந்த பேஸை. ஃபைல் வேற இடத்துக்குப் போனதும் தகர டப்பா. அவர் காதுல குறையில்ல, திறமையிலயும் குறையில்ல. ரூம் அவர்கிட்ட பொய் சொல்லுது, அவர் அதை நம்பி நேர்மையா வேலை பார்த்திருக்கார்.

வெளிநாட்டு வீடியோ, உள்ளூர் சுவர்

யூடியூப்ல இதைப் பத்தி நிறைய அமெரிக்க வீடியோ இருக்கு. நல்ல வீடியோக்கள்தான். ஆனா ஒரு வித்தியாசத்தை மனசுல வச்சுக்கங்க. அங்க நிறைய வீடுகள்ல மரச்சட்டத்து மேல ஜிப்சம் போர்டு அடிச்ச சுவர். பேஸ் வந்து மோதினா அந்தச் சுவரே கொஞ்சம் அசைஞ்சு கொடுக்கும், கொஞ்சம் பேஸ் வெளிய கசிஞ்சும் போயிடும். நம்ம ஊர்ல செங்கல் சுவர், சிமென்ட் பூச்சு, மேல கான்கிரீட் தளம், கீழ டைல்ஸ். எதுவும் அசையாது. வந்த பேஸ் அப்படியே திரும்பி ரூமுக்குள்ள வரும். அதனால அவங்க சொல்ற அளவை விட நமக்கு ட்ராப் கொஞ்சம் கூடவே தேவைப்படும்.

அதே மாதிரி, ரெண்டு இஞ்ச் ஸ்டுடியோ ஃபோம், முட்டை அட்டை, தெர்மோகோல் எல்லாம் இந்த வேலைக்கு உதவாது. ஃபோம் மேல் ஸ்தாயி சத்தத்தை நல்லா உறிஞ்சும், பேஸை அப்படியே விட்டுடும். சுவர் முழுக்க ஃபோம் ஒட்டினா மேல்சத்தம் செத்து, பேஸ் மட்டும் தனியா நின்னு உறுமும். முட்டை அட்டை ரொம்ப மெலிசு. தெர்மோகோல்ல காத்து உள்ள நுழையவே வழி இல்லை.

இன்னொண்ணு: பேஸ் ட்ராப் பக்கத்து வீட்டு மிக்ஸி சத்தத்தை நிறுத்தாது. உங்க சத்தம் வெளிய போறதையும் தடுக்காது. ரூமுக்குள்ள சத்தம் எப்படி நடந்துக்குதுங்கிறதை மட்டும்தான் மாத்தும். சத்தத்தை அடைக்கிறது வேற வேலை, அதுக்குக் கனமான சுவரும் இடைவெளி இல்லாத கதவும் வேணும்.

காசில்லாம ஆகுற வேலை

எதையும் வாங்குறதுக்கு முன்னாடி நாற்காலியை நகர்த்துங்க. ஸ்பீக்கருக்குப் பின்னாடி இருக்கிற முன்சுவர்ல இருந்து, ரூம் நீளத்துல 38 சதவீத தூரத்துல காது இருக்கட்டும். 10 அடி ரூம்னா 3.8 அடி, 12 அடின்னா நாலரை அடி. இது வேதவாக்கு இல்ல, தொடங்குறதுக்கு ஒரு நல்ல இடம். நடுவும் இல்ல, சுவரும் இல்லங்கிறதுதான் இதோட சாரம். இடது வலது சுவருக்கு நடுவுல, சம தூரத்துல உக்காருங்க.

ஸ்பீக்கரை முன்சுவரோட கிட்டத்தட்ட ஒட்டி வைங்க, கேபிளுக்கு இடம் விட்டு நாலஞ்சு இஞ்ச் போதும். காரணம்: ஸ்பீக்கர்ல இருந்து பின்பக்கமா போன பேஸ், சுவர்ல மோதித் திரும்பி வந்து நேரா போற சத்தத்தோட சேரும். போய் வந்த தூரம் அரை அலைநீளமா இருந்தா ஒண்ணை ஒண்ணு அழிச்சுக்கும். சுவருக்கும் ஸ்பீக்கருக்கும் 2 அடின்னா, 1,130-ஐ 8-ஆல வகுத்தா 141 ஹெர்ட்ஸ். அந்த இடத்துல ஒரு பள்ளம் விழும். தூரத்தைக் குறைச்சா பள்ளம் மேல மேல போகும். அங்க ஸ்பீக்கர் சத்தத்தைப் பெரும்பாலும் முன்பக்கமாத்தான் அனுப்புது, அதனால பாதிப்பு குறைஞ்சிடும். சுவரை ஒட்டி வச்சா மொத்த பேஸும் கொஞ்சம் ஏறும். நிறைய ஸ்டுடியோ மானிட்டர்ல அதைக் குறைக்கப் பின்னாடியே ஒரு சுவிட்ச் இருக்கும்.

ட்ராப் எப்படி வேலை செய்யுது, எப்படிச் செய்யுறது

ராக்வூல் மாதிரி நார்ப்பொருள் சத்தத்தை உராய்வுல உறிஞ்சுது. நாருக்கு நடுவுல காத்து முன்னும் பின்னும் அசையும்போது, அந்த அசைவு கொஞ்சம் கொஞ்சமா சூடா மாறும். காத்து அசைஞ்சாத்தான் வேலை நடக்கும். சுவரை ஒட்டி அழுத்தம் அதிகம், ஆனா காத்து அசையாது. கால் அலைநீளம் தள்ளித்தான் அசைவு உச்சம். 113 ஹெர்ட்ஸுக்கு அது இரண்டரை அடி, 56-க்கு 5 அடி. அதனாலதான் சுவர்ல ஒட்டின மெலிசான எதுவும் பேஸைத் தொடாது. தடிமனும் வேணும், பின்னாடி காத்து இடைவெளியும் வேணும்.

மூலையை ஏன் தேர்ந்தெடுக்கிறோம்? எல்லா மோடும் மூலையில வந்து முடியுது. நீளம், அகலம், உயரம்னு எந்தத் திசை அலையா இருந்தாலும் அது சேர்ற இடம் மூலை. ரெண்டு அடி அகல பேனலை மூலையில குறுக்கா நிறுத்தினா, பின்னாடி மூலை வரைக்கும் ஒரு அடி காத்து இடைவெளி தானா கிடைச்சிடும்.

நான் செஞ்ச விதம் இது. 4 அடி நீளம், 2 அடி அகலம், 4 இஞ்ச் தடிமன். ராக்வூல் 50 மில்லிமீட்டர் ஷீட் ரெண்டு, ஒண்ணு மேல ஒண்ணு. அடர்த்தி ஒரு கன மீட்டருக்கு 48-ல இருந்து 64 கிலோ வரைக்கும் போதும். அடர்த்தி கூடக் கூட நல்லதுன்னு இல்ல, ரொம்ப இறுகிப்போனா அலை உள்ள போகாம மேலயே திரும்பிடும். குளிர்பதனக் குழாய், கூரைக்கு வெப்பக்காப்பு விக்கிற கடைகள்ல இது கிடைக்கும். "ஸ்டுடியோவுக்கு"ன்னு சொல்லாம "இன்சுலேஷன் ஷீட்"னு கேளுங்க. கடையில என்ன அளவு ஷீட் இருக்குன்னு பார்த்துட்டு அப்புறம் ஃப்ரேம் வெட்டுங்க.

ஃப்ரேமுக்கு நாலு இஞ்ச் அகலப் பலகை. பின்பக்கம் மூடக் கூடாது, ஷீட் விழாம ரெண்டு ரீப்பர் குறுக்கா அடிச்சாப் போதும். மேல போர்த்துற துணிக்கு ஒரே ஒரு சோதனை: வாயை வச்சு ஊதினா மறுபக்கம் காத்து வரணும். காடா துணி அருமையா வேலை செய்யும். ரெக்ஸின் கூடாது. துணிக்கு உள்ள ஒரு அடுக்கு மெலிசான நான்-வோவன் துணி சுத்தினா நார் உதிராது. வேலை செய்யும்போது முழுக்கை சட்டை, கையுறை, என்-95 மாஸ்க், கண்ணாடி எல்லாம் கட்டாயம். நார் தோல்ல பட்டா அரிக்கும். மொட்டை மாடியிலயோ வராண்டாவுலயோ வச்சு வெட்டுங்க, பெட்ரூம்ல வேண்டாம்.

நான் ஆறு பேனல் செஞ்சேன். ஒரு மூலைக்கு ரெண்டு, ஒண்ணு மேல ஒண்ணா. மூணு மூலை ஆச்சு, நாலாவதுல கதவு. தச்சர் கூலியோட ஒன்பதாயிரத்துக்குள்ள முடிஞ்சது. ஊருக்கு ஊர் விலை மாறும். வாடகை வீடு, ஆணி அடிக்க ஓனர் விடமாட்டார்னா கவலை வேண்டாம். இது தரையில நிக்கிற பொருள், ரெண்டு பேனலையும் ஒரு எல்-கிளாம்ப் போட்டு இணைச்சாப் போதும். வீடு மாறும்போது கூடவே வரும்.

அந்தக் காசும் இல்லையா? வீட்டுப் பரண்ல பழைய இலவம்பஞ்சு மெத்தை இருந்தா, சுருட்டி மூலையில நிறுத்துங்க. கெட்டியான பஞ்சும் நார்ப்பொருள்தான். அழகா இருக்காது, ஆனா ஃபோமை விட நல்லா வேலை செய்யும்.

அளந்து பாருங்க

ரூம் ஈக்யூ விஸார்ட்னு ஒரு இலவச சாஃப்ட்வேர் இருக்கு. அது 20 ஹெர்ட்ஸ்ல இருந்து மேல வரைக்கும் ஒரு ஸ்வீப் சத்தத்தை ஸ்பீக்கர்ல போட்டு, காது இருக்கிற இடத்துல வச்ச மைக்ல வாங்கி, கிராஃப் போட்டுக் காட்டும். மைக்குக்கு மினிடிஎஸ்பி யூமிக்-1 மாதிரி ஒண்ணு வேணும். ஒவ்வொரு மைக்குக்கும் அதோட சீரியல் நம்பருக்கு ஏத்த திருத்தக் கோப்பு தருவாங்க. லேப்டாப் மைக்கும் போன் மைக்கும் பேஸ் விஷயத்துல நம்பகமில்லை. நண்பர்கிட்ட யூமிக் இருந்தா ஒரு ஞாயித்துக்கிழமை கடன் வாங்குங்க. ஃபேன், ஏசி ரெண்டையும் அணைச்சுட்டு அளங்க. ஸ்வீப் போகும்போது ஸ்டீல் பீரோ கடகடன்னு ஆடினா, அது எந்த ஹெர்ட்ஸ்ல ஆடுதுன்னு குறிச்சுக்கங்க. பீரோ கதவு இடுக்குல ஒரு ரப்பர் துண்டு வச்சா அடங்கிடும்.

என் ரூம் 12-க்கு 10, உயரம் 10. ட்ராப் வைக்கிறதுக்கு முன்னாடி 113 ஹெர்ட்ஸ்ல 12 டெசிபல் மேடு. அகலத்தோட ரெண்டாவது மோடும் உயரத்தோட ரெண்டாவது மோடும் அங்க ஒண்ணா சேருது, நடுவுல உக்கார்றவனுக்கு அது முழுசாக் கிடைக்கும். 56-ல 14 டெசிபல் பள்ளம். ஆறு பேனலும் வச்ச பிறகு 113 மேடு 6 டெசிபலுக்கு இறங்கிச்சு. அதைவிட முக்கியம், அந்தச் சத்தம் அடங்க ஆன நேரம் ஏறக்குறைய பாதியாச்சு. 56 பள்ளம் ரெண்டு மூணு டெசிபல்தான் நிரம்பிச்சு. நாலு இஞ்ச் பேனல்கிட்ட அந்த அடியில இதுக்கு மேல எதிர்பார்க்க முடியாது.

இப்போ சாஃப்ட்வேர்

சோனார்வொர்க்ஸோட சவுண்ட்ஐடி ரெஃபரன்ஸ், ஐகே மல்டிமீடியாவோட ஆர்க், டைராக் லைவ் எல்லாம் அடிப்படையில செய்யுறது ஒண்ணுதான். ரூம்ல பல இடத்துல மைக்கை வச்சு அளந்து, மேடு எங்க, பள்ளம் எங்கன்னு கண்டுபிடிச்சு, ஸ்பீக்கருக்குப் போற சிக்னலைத் தலைகீழா வளைக்கும். விண்டோஸ்ல இலவசமாவும் முடியும்: ரூம் ஈக்யூ விஸார்ட் ஃபில்டர்களைக் கணக்குப் போட்டுக் கொடுக்கும், அதை ஈக்வலைசர் ஏபிஓ-ல ஏத்தினாப் போதும்.

மேட்டைக் குறைக்கிறதுல இது கெட்டி. என் 113 மேட்டுல மிச்சமிருந்ததுல 5 டெசிபல் வெட்டினேன், சுத்தமா இருக்கு. அந்த நாற்காலியில கேக்கிற ரீங்காரமும் சேர்ந்து குறையும். ஆனா அந்த நாற்காலிக்கு மட்டும்தான். பின்னாடி சோஃபாவுல உக்காந்திருக்கிற டைரக்டருக்கு வேற மேடு, வேற பள்ளம்.

பள்ளத்துல இது தோத்துடும். பள்ளம்கிறது சத்தம் குறைவா போறதால வரலை, போன அலையை வந்த அலை அழிக்கிறதால வருது. நீங்க சத்தத்தைக் கூட்டினா அழிக்கிற அலையும் அதே அளவு கூடும். ஓட்டைக் குடத்துல இன்னும் வேகமா தண்ணி ஊத்துற கதை. அதுவும் 10 டெசிபல் ஏத்தணும்னா ஆம்ப்ளிஃபயர் பத்து மடங்கு பவர் தரணும். அஞ்சு இஞ்ச் வூஃபர் 56 ஹெர்ட்ஸ்ல அதைத் தாங்காது, திணறி உருக்குலைஞ்ச சத்தம்தான் வரும். அதனால விதி: வெட்டலாம், நிரப்பக் கூடாது. நிரப்பியே ஆகணும்னா மூணு டெசிபலோட நிறுத்திக்கங்க. மிச்சப் பள்ளத்தை ஹெட்ஃபோன்ல சரிபாருங்க. ஹெட்ஃபோனுக்கு ரூமே கிடையாது.

பேசுறவங்களுக்கு ஒரு வார்த்தை

பாட்காஸ்ட் பண்றவங்களுக்கு இந்த வரிசை இன்னும் முக்கியம். கரெக்‌ஷன் சாஃப்ட்வேர் உக்காந்திருக்கிறது ஸ்பீக்கருக்குப் போற வழியில. மைக்ல வர்ற குரலை அது தொடுறதே இல்லை. ஆண்குரலோட அடிப்படை ஸ்தாயி பெரும்பாலும் 85-க்கும் 180 ஹெர்ட்ஸுக்கும் நடுவுல. நம்ம 113 நட்ட நடுவுல இருக்கு. நீங்க பேசி முடிச்ச பிறகும் ரூம் அந்த ஸ்தாயியைப் பிடிச்சு வச்சு இழுக்கும். பானைக்குள்ள பேசுற மாதிரி கேக்கிறது அதனாலதான். ரெக்கார்டான பிறகு அதை ஈக்யூ பண்ணா, ரூமோட சேர்த்து உங்க குரலையும் வெட்டுறீங்க. இங்க ட்ராப்தான் ஒரே வழி. ரூம் நடுவுல இல்லாம ரெண்டு அடி தள்ளி உக்காருங்க, மைக் ஒரு சாண் தூரத்துக்குள்ள இருக்கட்டும், வாய்க்கு நேர் எதிர்ல போர்வையோ துணி நிறைஞ்ச அலமாரியோ இருக்கட்டும்.

கோயம்புத்தூர் நண்பருக்கு

உங்களுக்கு நான் சொல்ற வரிசை இதுதான். இன்னைக்கு ராத்திரியே நாற்காலியைப் பின்சுவர்ல இருந்து முன்னால கொண்டு வாங்க. ஸ்பீக்கரை முன்சுவரோட சேருங்க. அந்தக் குறும்படத்தைத் திரும்பப் போட்டுக் கேளுங்க, எங்க பேஸ் போச்சுன்னு உங்க காதுக்கே தெரியும். அடுத்த சனி ஞாயிறுல நாலு பேனலாவது செஞ்சு, கிடைக்கிற மூலையில நிறுத்துங்க. கனசதுர ரூம்ங்கிறதால, முடிஞ்சா சுவரும் கூரையும் சேர்ற விளிம்புலயும் ஒண்ணு ரெண்டு வைங்க, உயரத்தோட மோடுக்கு அது தேவை. அப்புறம் கடன் வாங்கின மைக்ல அளந்து, இலவச ஃபில்டரால மேட்டை மட்டும் வெட்டுங்க. அதுக்கப்புறமும் கையில காசு இருந்தா சாஃப்ட்வேர் வாங்குறதைப் பத்தி யோசிக்கலாம்.

மூணாவது மிக்ஸ் அனுப்புறதுக்கு முன்னாடி நல்லா தெரிஞ்ச ஒரு பாட்டை அதே நாற்காலியில போட்டுக் கேளுங்க. அந்தப் பாட்டோட பேஸும் உங்க படத்தோட பேஸும் ஒரே ஊர்க்காரங்க மாதிரி இருக்கணும். இருந்தா தைரியமா அனுப்புங்க, டைரக்டர் என்ன சொன்னார்னு ஒரு வாய்ஸ் நோட் போடுங்க. மத்தவங்க எல்லாம் 565-ஐ உங்க ரூம் அளவால வகுத்துப் பாருங்க. நீளத்துக்கும் அகலத்துக்கும் ஒரே எண் வந்தா, எந்த மூலையில கதவு இருக்குன்னும் சேர்த்து எழுதி அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல ரெண்டு மூணு ரூமை எடுத்து, ட்ராப் எங்க வைக்கலாம்னு சேர்ந்து வரைஞ்சு பார்ப்போம்.